பின்சக்கரத்துக்கு மேலே

திகனயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே வயதான ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்கார ராணுவத்துடையது என்று விலைக்கு வந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"பின்னுக்கு ஸ்பிரிங் இருந்தா அது வெள்ளக்காரன் ஆமி பைக் இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

"பச்சை பெயின்ட்டு, இஞ்சின் எல்லாம் சரியாத்தானே இருந்திச்சி? நம்ம பழைய ஆமி பைக்லயும் ஸ்பிரிங் இருந்திச்சே."

"அது ஒங்க சீட்டுக்கு அடியில. பின்சக்கரத்துக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"மூத்தவன வயித்துல வச்சிக்கிட்டு, குண்டசாலையில இருந்து கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னுக்கு உக்காந்து வந்தது யாரு? ஒவ்வொரு குழியும் எனக்குத்தானே தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்களே பயந்து போயிருந்தீங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பெரியவர் சட்டென்று எழுந்து நின்று சத்தம் போட்டார்.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க!"

அந்த அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"சும்மா இருங்க. மூத்தவனுக்கே இப்ப கல்யாண வயசுல பொண்ணு இருக்கு."