இருபத்தொன்பதாம் நாள்

பட்டறைக் கதவைக் காலை ஆறு மணிக்குத் திறப்பவன் நான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை. அதனால் தகடு வெட்டும் மெஷினின் கம்ப்யூட்டரை ஆன் செய்வதும் என் வேலையாயிற்று. புது இன்ஜினீயர் நீங்கள், பழைய கோளாறைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

உங்கள் நாற்காலியில் முன்பு இருந்தவர் என் மகளின் கணவர். தங்கமான பிள்ளை. வெட்டும் தலைக்கு நொடிக்கு ஆயிரம் கட்டளை, ஒன்றுகூட நேரம் தவறக் கூடாது. அதற்காக, கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் கர்னல் என்கிற மென்பொருளில் நேரம் தவறாத 'ரியல்-டைம்' வகை ஒன்றைப் போட்டு, அதோடு சேர்ந்து மெஷினை ஓட்டும் மாட்யூலையும் அவரே தயாரித்தார். எனக்கும் விளக்கினார்.

"மாமா, இதுல ரெண்டு கர்னல் இருக்கு. ஆன் பண்ணதும் அஞ்சு செகண்ட் ஒரு பட்டியல் வரும். மேல இருக்கறது நம்மளது, கீழ இருக்கறது சாதாரணம். கீழ இருக்கறது ஏறிட்டா, நம்ம மாட்யூல் 'இவன்கூட வேலை பார்க்க மாட்டேன்'னு உக்காந்துக்கும். மெஷின் அசையாது."

"நம்ம ஃபோர்மேன் மாதிரின்னு சொல்லுங்க."

சிரித்தார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பார்.

பிறகு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மகளும் எட்டு மாதப் பேத்தியும் கூடப் போவதாக ஏற்பாடு. முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்: மெஷின் முப்பது காலை தொடர்ந்து தகராறில்லாமல் கிளம்பினால்தான் விடுவிப்புக் கடிதம். நடுவில் ஒரு நாள் படுத்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து. வாசல் கரும்பலகையில் எண்ணை எழுதுவதும் நான்தான்.

மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த தோள் என்னுடையது. இந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை. பட்டியல் வரும் அந்த ஐந்து செகண்டில் கீபோர்டின் கீழ் அம்புக்குறியில் விரலை ஒருமுறை வைத்தேன், அவ்வளவுதான்.

முதலில் பன்னிரண்டாம் நாள். அடுத்து இருபத்தொன்றாம் நாள். சாதாரணக் கர்னல் தானாக ஏறுவதாக நினைத்து மாப்பிள்ளை பேட்டரியை மாற்றினார், டிஸ்க்கை மாற்றினார், மாட்யூலை அடியிலிருந்து மறுபடி எழுதினார். பட்டியலையே திரையில் வராமல் மறைத்தார். அவசரத்துக்கு எதை அழுத்தினால் அது வரும் என்பதை எனக்கு மட்டும் சொல்லிவைத்தார்.

"பட்டியலை யாராச்சும் தொட்டாங்களா மாமா?"

"எனக்கு அந்த இங்கிலீஷெல்லாம் எங்க மாப்பிள்ளை தெரியும்?"

பொய் இல்லை. அம்புக்குறிக்கு இங்கிலீஷ் வேண்டாம்.

மூன்றாவது, இருபத்தொன்பதாம் நாள். மகள் பெட்டி கட்டி முடித்திருந்தாள். அன்றைக்கு மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வெளிநாட்டு வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. மாப்பிள்ளைக்குத் தன் புத்தி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் ஃபேன் சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பார்ப்பாராம். மகள் கத்துவாளாம். ஒருநாள் வேலையையும் விட்டு, அவளையும் விட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. கரும்பலகையைப் பாருங்கள், நூற்று நாற்பத்தாறு. நீங்கள் எதையும் நோண்ட வேண்டாம்.

மகளும் பேத்தியும் இப்போது என்னோடுதான். மகள் அதிகம் பேசுவதில்லை, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்கிறாள். பரவாயில்லை. ஆளுக்கொரு தேசமாகச் சிதறியிருக்க வேண்டிய குடும்பத்தை ஒரு விரலால் சேர்த்துப் பிடித்திருக்கிறேன்.