களிமண் பிடித்துக்கொள்ளும்

என் தோள் கொஞ்சம் கோணல். இடது பக்கம் இறங்கியிருக்கும். கடையில் வாங்கும் சட்டை எதுவும் எனக்குச் சரியாக உட்காராது. அதனால் நல்ல தையல்காரி ஒருத்தி கிடைத்தால் லேசில் விடமாட்டேன். கடைசி வீட்டுத் தையல்காரியிடம் நான் அத்தனை வருடம் போய்வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

நீங்கள் கேட்டதை முதலிலிருந்தே சொல்கிறேன். சுற்றுச்சூழல் வாரியத்தின் ஆய்வுப் பிரிவில் மண்ணும் நிலத்தடி நீரும் என் பொறுப்பு. ஓர் ஆலையை நடத்த விடலாமா, மூடலாமா என்று வாரியம் முடிவெடுக்கும். அந்த முடிவுக்கு அடியில் என் எண் இருக்கும். முடிவு நான் எடுப்பதில்லை. இதைப் பலரும் மறந்துபோகிறார்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வு ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது. இந்த ஊரின் அடியில் இருக்கும் சாம்பல் நிறக் களிமண், ஆர்செனிக் என்ற விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே இறங்க விடாது. இளமையில் பாதி அந்த மண்ணைப் பிசைவதில் போயிற்று. வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தேன். “அந்த மண்ணையே கட்டிக்கிட்டு அழு” என்று அப்பா திட்டினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை.

அந்த ஆய்வை நம்பித்தான் மரப் பதன ஆலைக்கு வாரியம் அனுமதி கொடுத்தது. கதவு நிலை, கம்பம், வேலிக்கால் எல்லாவற்றையும் கரையான் அரிக்காதபடி மருந்துத் தொட்டியில் ஊறவைக்கும் ஆலை. அந்த மருந்தில் ஆர்செனிக் உண்டு. தொட்டியில் கசிவு வந்தாலும் பயமில்லை, களிமண் பிடித்துக்கொள்ளும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவள் நான்.

ஆலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. வீட்டுக்கு வீடு கிணறு. சில வருடம் கழித்து, தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லித் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். மாதிரி எடுக்கும் உதவியாளரோடு போனேன். அவரை ஆபீஸில் எல்லோரும் குப்பி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு குப்பி பிடித்தோம். எல்லாம் சுத்தம். ஆலைச் சுவரை ஒட்டிய கடைசி வீட்டுக் கிணற்றில் மட்டும் ஆர்செனிக், அனுமதித்த வரம்பைப் போலப் பல மடங்கு.

இயந்திரத்தைக் கழுவி மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே. அன்று நான் பயந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பயப்படவில்லை. என் மண் கைவிட்டுவிட்டதோ என்றுதான் பயந்தேன்.

இயக்குநர் அவசரக்காரர். “எனக்கு ஒரே ஒரு எண் குடும்மா. மீட்டிங்ல இத்தனை எண் வாசிச்சா எல்லாரும் கொட்டாவி விடுவாங்க” என்றார். பாவம், அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எல்லாக் குப்பிகளையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினேன். ஒரு தம்ளர் உப்புத் தண்ணீரை அண்டா நிறைய நல்ல தண்ணீரில் கொட்டினால் யாருக்கும் கரிக்காது இல்லையா, அப்படி. வாளியின் எண் வரம்புக்குள் அடங்கியது. தெருவுக்கு ஓர் எண் என்பதையே பிற்பாடு வாரியத்தின் நடைமுறையாகவும் ஆக்கினேன். நான் எந்த எண்ணையும் திருத்தவில்லை, ஐயா. கலக்கினேன், அவ்வளவுதான்.

ஆனால் விஞ்ஞானிக்கு மனம் ஆறாது. மண் ஏன் பிடிக்கவில்லை என்று தெரிய வேண்டும். புது மண் முதலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பழகப் பழகப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. அதை நிரூபிக்க அந்த ஒரு கிணற்றை விடாமல் கவனிக்க வேண்டும். அதில் யாராவது தினமும் இறைக்கவும் வேண்டும். இறைத்தால்தான் தொட்டிக்கு அடியிலிருக்கும் நீர் களிமண் வழியாகக் கிணற்றை நோக்கி நகரும். இறைப்பு நின்றால் ஓட்டம் நின்றுவிடும், ஆய்வும் அதோடு சரி.

எனவே சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். புருஷனை இழந்தவள், ஒரு பெண் குழந்தை, ஜன்னலோரம் ஒரு மெஷின். வாய் ஓயாமல் பேசுவாள். என் பட்டத்தைக் கேள்விப்பட்டு முதல் நாளிலிருந்தே டாக்டரம்மா என்று கூப்பிட்டாள். தோளை அளந்தவுடனே, “ஒரு பக்கம் பூமிய பாத்தே இறங்கிடுச்சு போல. இருங்க, உங்களுக்குன்னு ஒரு வெட்டு வெட்டறேன்” என்றாள். அவள் தைத்த சட்டையில் என் கோணல் யார் கண்ணுக்கும் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

ஒருமுறை குப்பி அண்ணனும் கூட வந்தார். டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

“நீங்க குடிக்கலையா மேடம்?” என்றார் அவர்.

“எனக்கு டீ ஒத்துக்காது.”

“அது சரி. ஆபீஸ்ல டீ இல்லாட்டி உங்களுக்குக் கையே ஓடாதே” என்று சிரித்துவிட்டு என் தம்ளரையும் அவரே எடுத்துக் குடித்தார். நான் அவருடைய தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், வழியில் குடிக்க என்று சொல்லி என் பாட்டிலில் கிணற்று நீரைப் பிடித்துக்கொள்வேன். அதுதான் என் மாதிரி. அவளுக்குப் பெருமை பிடிபடாது. “எங்க வீட்டுத் தண்ணிய டாக்டரம்மாவே கேட்டு வாங்கிட்டுப் போறாங்க” என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொள்வாள். எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு மழைக்குப் பிறகு மட்டும் லேசாக இறங்கியது. அன்று பரிசோதனைக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன், ஆனந்தத்தில்.

பிறகு அவள் உள்ளங்கையில் சொரசொரப்பு வந்தது. சின்னச் சின்ன முடிச்சுகளாக, மரு மாதிரி. கழுத்தில் மழைத்துளி தெறித்தது போலக் கரும்புள்ளிகள். பார்த்தவுடனே அது என்னவென்று எனக்குத் தெரியும்.

“பட்டுத் துணிய தொட்டா கையோட ஒட்டிக்கிட்டு வருது, டாக்டரம்மா. நூல் நூலா இழுத்துடுது. பட்டு தைக்கக் குடுக்கறவங்க எல்லாம் நின்னுட்டாங்க. இது எதனால?”

“மெஷின் ஓட்டி ஓட்டித் தோல் தடிச்சிருக்கும். கொஞ்சம் எண்ணெய் தடவுங்க.”

அவள் ஒழுங்காகத் தடவினாள். நான் சொன்னதை அவள் ஒருநாளும் தட்டியதில்லை.

தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோதும் என்னைத்தான் கேட்டாள். “எல்லாரும் குழாய்க்கு மாறிட்டாங்க. நானும் மாறிடட்டுமா?” குழாய் வந்தால் இறைப்பு நின்றுவிடும். “அதுல மருந்து கலக்கறாங்க. உங்க கிணத்துத் தண்ணிக்கு ஈடாகாது” என்றேன். அவள் தலையாட்டினாள். உள்ளே போய்த் தன் மகளுக்கு ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தது ஈரல் கெட்டு. சாவுக்குப் போயிருந்தேன். நன்றாகவே அழுதேன், நடிப்பில்லை. அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஐயா. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அன்றிலிருந்துதான் அந்தச் சத்தம். பட்டு நூல் தோலில் மாட்டி இழுபடும் சத்தம். மீட்டிங்கில் யாராவது காகிதம் புரட்டினால் கேட்கும். யாருமே எதையும் புரட்டாதபோதும் கேட்கும். சட்டை போடும்போது இடது தோளில் விரல் படும், அளவெடுக்கிற மாதிரி, நிதானமாக. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். விரல் பட்ட இடத்தில் துணி மட்டும் நூல் நூலாக எழும்பி நிற்கும். என் உள்ளங்கையைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன். வழவழப்பாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கை யாருடையது என்று உங்களிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அவளுடைய மகள் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றீர்கள். உள்ளங்கையைப் பார்த்துத்தான் அங்கிருக்கும் மருத்துவர் கண்டுபிடித்தார் என்றும் சொன்னீர்கள். கெட்டிக்கார மருத்துவர். பெண் பிழைக்க வேண்டும், நானும் அதையேதான் வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ஆம், அம்மாவின் காரியம் முடிந்த கையோடு அந்தப் பெண் என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்தாள். அம்மா சொல்லிக்கொடுத்தபடி என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

“அத்தை, தண்ணியாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. எனக்கு பயமா இருக்கு. நீங்க சொன்னா நம்பறேன். இத குடிக்கலாமா?”

எனக்கு எல்லாம் தெரியும். அவள் அம்மா எதனால் செத்தாள் என்று தெரியும். அந்தப் பாட்டிலில் எவ்வளவு இருக்கும் என்று பரிசோதிக்காமலே தெரியும். அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவினேன். அப்போதே லேசாகச் சொரசொரத்தது.

“தாராளமா குடிம்மா” என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். அம்மாவும் போய்விட்டாள். இவளும் நிறுத்திவிட்டால் அந்தக் கிணற்றில் இறைக்க ஆளே இல்லையே.