பேசும் பொத்தான்

சர்க்கரை போட்டுக் கொடுத்ததற்கு நன்றி ஐயா. மூன்று நாளாகத் துக்கம் கேட்க வந்தவர்களோடு உட்கார்ந்து கசப்புக் காப்பியாகவே குடித்து நாக்கு மரத்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஸுஹைப். அம்மான் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் தாய் வடக்கே இர்பித் ஊரில் தனியாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டு முன்னறையில், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு கேமரா மாட்டினோம். மாட்டியவன் என் மனைவியின் தம்பி கஸ்ஸான். பதிவும் அவன் பெயரில்தான். என் ஃபோனிலும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தான். பார்க்கலாம், கேட்கலாம், பொத்தானை அழுத்தினால் பேசலாம். அம்மா முக்காட்டை எடுக்கும்போது ஒரு குரல் கொடுப்பார். நான் கேமராவின் கண்ணை மூடிவிடுவேன், யாருக்கும் படம் தெரியாது.

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது பேசியிருப்பேன். மாத்திரை போட்டீங்களா, ஸ்டூல்ல ஏறாதீங்க, கதவைத் திறக்காதீங்க, முதல்ல யாருன்னு கேளுங்க. எந்தப் பிள்ளை இவ்வளவு செய்வான், சொல்லுங்கள்.

போன மாதம் அந்தச் செயலி தானாகவே புதுப்பித்துக்கொண்டது. காலையில் திறந்தால் பேசும் பொத்தானைக் காணோம். கண்ணை மூடும் பொத்தானையும் காணோம். இனி அவையெல்லாம் பதிவு செய்தவருக்கு மட்டும்தானாம். நிறுவனத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். பதினோரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது, உங்கள் கருத்துக்கு நன்றி என்று. கஸ்ஸானிடம் ஒரே ஒரு முறை கேட்டேன்.

"என்ன மச்சான், உங்க அம்மா வீட்டு அதிகாரம் இப்ப என் கைக்கு வந்துடுச்சா?" என்று சிரித்தான். "ஃபோனை எடுத்துட்டு வாங்க, ரெண்டு நிமிஷ வேலை."

நான் போகவில்லை. என் தாயோடு பேச அவனிடம் போய் நிற்க வேண்டுமா?

விஷயம் அம்மா காதுக்கும் போனது. "உன் மச்சினன் நெனச்ச நேரத்துல பார்ப்பானாமே. என் வீட்டுக்குள்ள நான் பொழுதுக்கும் முக்காடு போட்டுக்கிட்டே திரியணுமாடா?" என்றார். மாடி வீட்டுக்காரி உம்மு நிளாலை ஸ்டூலில் ஏறச் சொல்லி, கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டார். எனக்குச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அன்று சாயங்காலம் இருவரும் தேநீர் குடித்தபடி பேசியதைக் கேட்டேன்.

"சுவத்துல இருந்த வாய் அடைச்சுப்போச்சு, அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அம்மா. "வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். எனக்கு வலித்தது ஐயா. அதை நான் மறைக்கவில்லை.

இரண்டு வாரம் பொறுத்தேன். திங்கட்கிழமை காலை ஃபோன் செய்து, "துண்டை எடுக்கலைன்னா இந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வரமாட்டேன். எந்த வெள்ளிக்கிழமையும் வரமாட்டேன்," என்றேன்.

"சரிடா கண்ணு, எடுத்துடுறேன். நீ வந்துடு," என்றார்.

அன்று முழுக்கத் துண்டு கேமராவை மூடியிருந்தது, எனக்கு எதுவும் தெரியவில்லை என்று நேற்று உங்கள் போலீஸ்காரரிடம் சொன்னேன். அது அவ்வளவு சரியில்லை.

பத்தே காலுக்குப் படம் வந்தது. கஸ்ஸான் பார்த்துவிடுவானோ என்று தொழுகை உடுப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு அம்மா ஸ்டூலில் ஏறியிருந்தார். துண்டை இழுத்தார். அந்த நீள உடுப்பு காலில் சிக்கியது. விழுந்தார். இடுப்பு என்று நினைக்கிறேன். துண்டு கையிலேயே இருந்தது. கேமராவைப் பார்த்து என் பெயரைச் சொன்னார். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

பதினொன்றரைக்கு என் தங்கை ரீமா கூப்பிட்டாள். "அண்ணா, அம்மா ஃபோனை எடுக்கலை. உங்களுக்குக் கேமராவுல தெரியுதா?"

"தெரியுது. தொழுகை உடுப்புல இருக்காங்க. தொந்தரவு பண்ணாதே."

அது பொய் இல்லை. பகல் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் கூப்பிட்டாள். தூங்குகிறார் என்றேன். உம்மு நிளாலிடம் மாற்றுச் சாவி உண்டு. அவள் எண் என் ஃபோனில் இருக்கிறது. இரண்டு பேருக்குக் கண் சோதித்தேன். கடையிலேயே ஃபலாஃபில் சாப்பிட்டேன். ஃபோனை முன்னால் நிமிர்த்தி வைத்திருந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அம்மா என் கண் எதிரிலேயே ஒரே இடத்தில் இருந்தார். ஸ்டூலில் ஏறவில்லை. கதவைத் திறக்கவில்லை. நான்கு மணிவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கூப்பிடவில்லை. கடையை வழக்கமான நேரத்துக்குச் சாத்தினேன். மறுநாள் காலையில் உம்மு நிளால்தான் கதவைத் திறந்தாள்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். கையில் ஃபோன் இருந்ததே, யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று. நானும் சும்மா இருக்கவில்லை ஐயா. அந்தப் பொத்தான் இருந்த இடத்தை அன்று முழுக்க அழுத்திக்கொண்டேதான் இருந்தேன். அதை மட்டும் அவர்கள் எடுக்காமல் இருந்திருந்தால், இதோ வர்றேம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.