மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

...சட்டம் போட்டவங்க போட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் லோல்படறது யாரு? ஹாஸ்டல் வார்டன் நான்தான். உக்காருங்கம்மா, பெட்டிய அந்தக் கட்டில் மேலயே வைங்க. உங்க பொண்ணுக்கு அதான். ஜன்னலோரம், நல்லா காத்து வரும். வந்ததும் வராததுமா தாழ்ப்பாள் விழுதான்னு பாத்தீங்களே, வெவரமான ஆளுதான் நீங்க.

எந்தச் சட்டமா? அதாம்மா, ஸ்கூல் வளாகத்துக்குள்ள ஒரு புள்ள இறந்துபோச்சுன்னா அன்னிக்கே மேலிடத்துக்குச் சொல்லிடணுமாம். எந்த ஸ்கூல்ல எத்தனைன்னு ஊருக்கே தெரியற மாதிரி வெளிய வேற போடுவாங்களாம். கேட்டதும் எங்க பிரின்சிபாலுக்கு வேர்த்து ஊத்திடுச்சு. நல்ல மனுஷன்தான். புள்ளைங்கன்னா உயிரு. ஸ்கூல் பேருன்னா இன்னும் கொஞ்சம் கூடுதல் உயிரு.

மீட்டிங்ல அத்தனை பேரும் பேந்தப் பேந்த முழிக்கறாங்க. நான்தான் டீ கிளாஸக் கீழ வச்சுட்டு, "ஏன் சார், ஹாஸ்டல் வளாகமே இல்லன்னு சொல்லிட்டா?"ன்னு வாயக் குடுத்தேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவரு கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. மறுநாளே பெயிண்டர் வந்து வராண்டாவுல மஞ்சக் கோடு போட்டுட்டான். வர்றப்ப தாண்டி வந்தீங்களே, அதான். அந்தப் பக்கம் ஸ்கூல். இந்தப் பக்கம்... இந்தப் பக்கம் சும்மா ஒரு கட்டடம். நீச்சல் குளமும் வெளிய, மொட்டை மாடியும் வெளிய. போற போக்கப் பாத்தா பிரின்சிபால் ரூமும் ரோஜாச் செடியும்தான் மிஞ்சும்னு வாட்ச்மேன் சிரிக்கறான். யோசன என்னோடது, கைதட்டு வாங்கினது அவரு.

அதுலேர்ந்து என் பாடு திண்டாட்டந்தான் போங்க. பல்பு போனா எலக்ட்ரீஷியன் வரமாட்டான், "அது நம்ம எடம் இல்லக்கா"ங்கறான். கூட்டறவங்க கோடு வரைக்கும் கூட்டிட்டு குப்பைய இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போறாங்க. நர்ஸம்மாவும் அப்படித்தான். ஸ்கூல் நர்ஸு ஸ்கூலுக்குள்ளதான் வைத்தியம் பாக்கணுமாம். காய்ச்சலோ தலவலியோ, புள்ளைங்கதான் நடந்து கோட்டத் தாண்டிப் போகணும். நடக்க முடிஞ்ச நோவா இருந்தா சரி...

சேச்சே, இங்க ஒரு சாவு கூட கிடையாதும்மா. வாசல் போர்டுல பெரிசாப் போட்டிருக்கே, பூஜ்யம்னு. பாக்கலியா?

இந்தக் கட்டில் எப்படிக் காலியாச்சா?

அது... அது ஒரு புள்ள. இழுப்பு வரும் அதுக்கு. எந்நேரமும் என் பின்னாலயே சுத்தும், வாயாடி. அன்னிக்கு மூச்சு விட முடியலன்னதும் தூக்கிக்கிட்டு ஓடறேன், இந்த முட்டிவலியோட. கோட்டுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா மருந்தோட நிக்கறாங்க. பக்கத்துல பிரின்சிபாலு. "உள்ள கொண்டு வராதீங்க வார்டன், ஆம்புலன்ஸ் பின்பக்க கேட்டுக்கு வருது, அங்க போங்க"ங்கறாரு. நர்ஸம்மா என்னப் பாக்கறாங்க, நான் அவங்களப் பாக்கறேன். ஒரு எட்டு வச்சிருக்கலாம். ரெண்டு பேருல யாராவது ஒருத்தர். நின்னுட்டேம்மா நான். என் வாயால வந்த கோடு, அதத் தாண்ட எனக்கே கால் வரல.

ஏம்மா எந்திரிச்சிட்டீங்க... பெட்டிய எதுக்கு...

இல்ல, எனக்குக் கோவமெல்லாம் இல்ல. பொண்ணு கீழதான நிக்குது? தனியாத் தூக்காதீங்க, கனமா இருக்கு. நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன். பாத்து, கோடு வருது... நிக்காதீங்கம்மா. நிக்காம நடங்க.