வெள்ளக் கறை

கம்ப்யூட்டரில் ஆறு வரைவது சுலபம், ஐயா. மட்டத்துக்கு ஓர் எண் கொடுத்தால் போதும், தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.

கட்டப்போகும் பாலங்களைக் கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது என் வேலை. என் மனைவியின் அண்ணன் அதே பாலங்களைக் கையால் வரைவார். எங்களுக்குள் போட்டி உண்டு, பகை இல்லை. "மாப்ள, உங்க பாலத்துல போறவங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போறாங்களே, ஒருத்தருக்கும் வேர்க்காதா?" என்பார். நானும் சிரிப்பேன்.

இந்தப் பாலம் என் திரையில் கொக்குக் காலில் நிற்பது போல அசிங்கமாக இருந்தது. வெள்ள மட்டத்தை இரண்டு மீட்டர் குறைத்தேன். பாலம் தாழ்ந்து அழகாகிவிட்டது. கட்டுவதற்கான அளவுகளும் என் கோப்பிலிருந்தே போயின. யாரும் சரிபார்க்கவில்லை. பாலத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவர் அம்மாதான், "கையால வரைஞ்சதும் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். ஆத்துக்குள்ள இருந்து பாத்தா எப்படித் தெரியும்னு பாக்கணும்" என்றார்.

அதற்காகத்தான் மச்சான் நடு ஆற்றுப் பாறையில் போய் உட்கார்ந்தார். பதினோரு மணிக்குப் போன் செய்தார்.

"மாப்ள, பழைய பாலத் தூண்ல வெள்ளக் கறை இருக்கு. உங்க படத்துல இருக்கற புதுப் பாலத்து ரோட்டுக்கும் மேல நிக்குது. எங்கயோ தப்பாப் போட்டிருக்கீங்க. நான் கறையோடயே வரையறேன்."

அவர் மிரட்டவில்லை. கண்ணில் பட்டதை விட்டுவிட்டு வரைய அவருக்குத் தெரியாது. எனக்கோ பயமாகிவிட்டது. படத்தைப் பார்த்து யாராவது கேட்பார்கள். கோப்பைத் திறப்பார்கள். மாற்றிய எண்ணுக்குப் பக்கத்தில் என் பெயரும் தேதியும் இருக்கும். முகம் கழுவப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு அணை அலுவலகத்திலிருந்து பேசினார்கள். இரண்டு மணிக்கு மதகு திறக்கிறோம், உங்கள் ஆளைக் கரையேறச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் ஆற்றில் இறங்க அனுமதி வாங்கியது என் பெயரில்தான். "சரிங்க, சொல்லிடறேன்" என்றேன்.

பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன். கையில் பிசைந்த சோறு ஆறிப்போயிற்று.

சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னேன். பயத்தில் யாருக்கும் மறதி வரும். என் மனைவியும் அப்படித்தான் நம்புகிறாள். அண்ணனைப் பறிகொடுத்தவள் அவள். ஆனால் அவள்தான் என் தலையைத் தடவி, "உங்கமேல தப்பில்லைங்க" என்று தேற்றுகிறாள். அப்போதெல்லாம் நான் அவள் கண்ணைப் பார்ப்பதில்லை.

இப்போது நீங்கள் போன் கணக்கை மேஜைமேல் வைத்துவிட்டீர்கள். இரண்டு இருபதுக்கு ஓர் அழைப்பு, நாற்பது விநாடி. சொல்லிவிடுகிறேன்.

"மாப்ள, தண்ணி கலங்கலா வருது, கொஞ்சம் ஏறுற மாதிரியும் இருக்கு. தொறந்துட்டாங்களா? கரைக்கு வந்துடவா?" என்று கேட்டார். குரல் லேசாக நடுங்கியது.

"இல்ல மச்சான், இப்பத்தான் விசாரிச்சேன். நாலு மணிக்குத்தானாம். நிதானமா முடிச்சிட்டு வாங்க" என்றேன்.

அவரும் பயப்பட வேண்டாம், நானும் பயப்பட வேண்டாமே என்றுதான், ஐயா, அப்படிச் சொன்னேன்.