மாரி என்றால் மழை

சாயங்காலம் ஏழு மணி. மலாக்காவில் காஜா பேராங் சாலை. மலாயா சுதந்திரம் வாங்கி மெர்டேக்கா கொண்டாடிய வருடம் அது... கட்டிய கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. ஒரே ஒரு சைக்கிள் மட்டும் கிரீச் கிரீச்சென்று வந்துகொண்டிருந்தது. அதில் ருக்மணி. நம் நண்பன் கருணாகரனுடைய சின்னம்மா. அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்.

ருக்மணி செமாபோக்கிலிருந்து வருவாள். காஜா பேராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகளின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர. அவர்களுக்குச் சாமி பெயர் தமிழ், ஆள் பெயர் தமிழ், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். நாடுதான் நம் கைக்கு வந்துவிட்டதே, எழுத்தும் வரட்டும் என்று கோயில் பெரியவர்கள் அவளைக் கேட்டுக்கொண்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. தரையில் மணல் பரப்பி, அதில் விரலால் எழுத வேண்டும்.

உஜோங் பாசிர் கடற்கரை மணல்தான் வேண்டும் என்று ருக்மணி பிடிவாதம் பிடித்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். முந்தைய வருடம் அவளுடைய ஒரே மகளை அந்தக் கடல் கொண்டுபோனது. மாரி. ஐந்து வயது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்குப் படிக்க வராது. ஆனால் எழுதுவதென்றால் உயிர். அம்மா மேல் வரியில் எதை எழுதினாலும் பார்த்து அப்படியே வரைந்துகொண்டே போகும், பலகை நிரம்பும்வரை. வளைவுகள் மட்டும் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். கடைசியில் ஒரு மூலையில் இடம் விட்டு நீட்டும். "அம்மா, சரியா?" ருக்மணி அந்த மூலையில் சரி போட்டதும் கை தட்டும்.

அ, ஆ எல்லாம் முடிந்து பிள்ளைகளுக்கு முதல் வார்த்தை சொல்லித்தர வேண்டிய நாள் வந்தது. அம்மா, ஆடு என்று எத்தனையோ இருக்க, ருக்மணி எடுத்தது மாரி. "மாரின்னா மழை. எங்க, எல்லாரும் சொல்லுங்க." அத்தனை வாய்களும் அந்தப் பெயரைச் சொல்ல ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பெற்ற வயிறு. பிள்ளைகள் மணலில் விரலை வைத்துக்கொண்டு கத்தினார்கள். "மாரி... மாரி... மாரி..."

மலாயில் 'மாரி' என்றால் வா.

அந்தி நேரம். கடல் மணல். கதவு திறந்திருக்கிறது. ஒரு கூட்டம் பிள்ளைகள் வா, வா, வா என்று கூப்பிடுகிறார்கள்...

கொட்டகைக்கு எதிர்வீட்டுப் பூங்காவனம் அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளுடைய மகள் கண்ணம்மாவும் அங்கேதான் படித்தாள். "டீச்சர்! வக்து சென்ஜா... ஜாங்கான் பாங்கில்!" அந்தி நேரம், கூப்பிடாதீர்கள் என்கிறாள். ருக்மணி சிரித்துச் சமாளித்தாள். "மழைன்னு அர்த்தம் பூங்காவனம், வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் பாசி வாடை அடித்தது. கண்ணம்மா பக்கத்தில் யாரும் உட்காராத இடம்... அங்கே மட்டும் மணல் ஈரம். ஈரத்தில் எழுத்து. மாரி. வளைவுகள் எல்லாம் மறுபக்கம் திரும்பியிருந்தன.

வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். ருக்மணிக்கு வந்தது சந்தோஷம். வேறு வார்த்தையே எடுக்கவில்லை. தினமும் மாரிதான். பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டியது. பூங்காவனம் வந்து கெஞ்சியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தினமும் அந்த ஈர எழுத்தின் மூலையில் சரி போட்டாள். போட்டதும், எங்கிருந்தோ... சளப், சளப்... ஈரக் கை தட்டும் சத்தம்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து கண்ணம்மா வீடு போய்ச் சேரவில்லை. உஜோங் பாசிர் போகும் சாலையில் பிடித்தார்கள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள், கூட யாரோ கை பிடித்துக் கூட்டிப்போவது போல. அந்த உள்ளங்கை மட்டும் ஊறிச் சுருங்கியிருந்தது.

பூங்காவனம் மகளைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். கண்ணில் நீர் நிற்கவில்லை. தெரிந்த தமிழை எல்லாம் கூட்டிச் சொன்னாள். "டீச்சர் பாங்கில்... டீச்சர்தான் கூப்பிட்டது. டீச்சர்தான் 'போ' சொல்லணும். வாய்ல சொல்லணும். என் பிள்ளை, டீச்சர்... ஒண்ணே ஒண்ணு."

ருக்மணி கண்ணம்மாவின் கையைப் பார்த்தாள். தன் துக்கத்துக்கு இன்னொருத்தி பிள்ளையைக் கொடுக்கப் பார்த்தோமே என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஈர இடத்துக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள்... வரவில்லை. எப்படி வரும்? கடலில் போன பிள்ளை. கூப்பிட்டதும் வந்த பிள்ளை. அதைப் பார்த்து எப்படிப் போ என்பது?

அதனால் எழுதினாள். மணலின் மேல் வரியில், பெரிதாக, 'போ' என்று. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

காலையில் வந்து கதவைத் திறந்தார்கள். பூங்காவனம் கண்ணம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ருக்மணி மட்டும் உள்ளே போனாள். தரை முழுக்க ஈரம்.

போ. போ. போ. போ. வரி வரியாக, சுவர் முதல் சுவர் வரை, மணல் நிரம்பும்வரை. எல்லாக் கொம்பும் மறுபக்கம் திரும்பி... படிக்கத் தெரியாத பிள்ளை, அம்மா எழுதிக் கொடுத்ததை அழகாகப் பார்த்து எழுதி வைத்திருந்தது.

கீழே மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

போடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு குனிந்தாள். அந்த மூலையில், விரலால், மெல்ல ஒரு சரி.

சளப்... சளப்...

சத்தம் மணல் பக்கமிருந்து வரவில்லை. வாசலில் இருந்து வந்தது. பூங்காவனத்தின் இடுப்பில் கண்ணம்மா கை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டித் தாயின் கெபாயாச் சட்டை நனைந்தது. தூக்கிவைத்திருந்த தாயை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ருக்மணியைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் பேசாத பிள்ளை, சுத்தமான தமிழில் கேட்டாள்.

"அம்மா, சரியா?"