கடல் கேட்கிற பக்கம்

பினாயில் வாடை எங்கே வந்தாலும் உப்பளத்துப் பஸ் நிறுத்தம்தான் என் நினைவில் வந்து நிற்கும். அன்று எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி வீராம்பட்டினத்து மீன்காரி. மற்றவள் கன்னியாஸ்திரீகளின் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அந்த வாடை அவள் புடவையிலிருந்து வந்தது.

"உங்கப்பா ரெண்டு கையையும் கட்டில்ல கட்டி வச்சிருக்கோம்க்கா."

"அவரு என்ன திருடனாடீ? பாத்துக்க ஆளில்லன்னுதான அங்க விட்டேன்!"

"விடியறதுக்குள்ள கட்டில்லேருந்து குதிக்கறாரு. மூணு தடவ விழுந்துட்டாரு. இன்னொரு தடவ விழுந்தா இடுப்பு ஒடிஞ்சிடும்னு மதர் பயப்படறாங்க."

மீன்காரி கூடையை இறக்கி வைத்தாள். "எந்தப் பக்கம் குதிக்கறாரு?"

"எப்பவும் ஜன்னல் பக்கந்தான்."

"அங்க கடல் கேக்குதா?"

"நல்லாவே கேக்கும்."

"அதான். அப்பா மாதிரி கடலுக்குப் போறவங்க, படகு கரைக்கு வரும்போது கடல் பக்கமாத்தான் குதிப்பாங்க. கரைப் பக்கம் குதிச்சா அலை படகத் தூக்கி மேல போட்டுடும். ஆயுசுப் பழக்கம்டீ அது. கட்டிலை ஜன்னல் சுவரோட ஒட்டிப் போடச் சொல்லு. மறுபக்கம் அவரு எறங்கவே மாட்டாரு."

"மதர் நம்பணுமே."

"நீ சொல்லுடீ. கெஞ்சிக் கேளு."

"சாயங்காலம் கேட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் கட்டு இருக்கட்டும்க்கா. எனக்கே பயமா இருக்கு."

பஸ் வந்தது. மீன்காரி கூடையோடு படியில் ஏறித் திரும்பினாள்.

"ஒரு கைய மட்டுமாவது அவுத்து விடுடீ. கொசு கடிச்சா அடிக்கணுமில்ல."